கணக்கு தவறிய மன்றம், கணக்குத் தீர்த்த மக்கள்: ஸ்லாவ் நகரத் தேர்தல் நமக்கு ஏன் முக்கியம்?

2023ஆம் ஆண்டு மே 4ஆம் தேதி இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஊராட்சி மன்றத் தேர்தல் நடந்தது. அப்போது பிரதமராக இருந்த ரிஷி சுனாக்கின் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு அன்று பலத்த அடி. ஆயிரத்துக்கும் அதிகமான மன்ற இடங்களை அக்கட்சி இழந்தது. மெட்வே, சுவிண்டன், பிளைமவுத் என ஒன்றன்பின் ஒன்றாக மன்றங்கள் தொழிற்கட்சியின் கைக்குப் போயின. 2002க்குப் பிறகு முதல் முறையாக, நாட்டின் ஊராட்சி மன்றங்களில் அதிக உறுப்பினர்களைக் கொண்ட கட்சியாகத் தொழிற்கட்சி தலைநிமிர்ந்தது.

அதே நாளில் ஸ்லாவ் என்ற ஒரு நகரத்தில் மட்டும் காற்று எதிர்த்திசையில் வீசியது. 2008 முதல் தொழிற்கட்சி ஆண்டுவந்த நகரம் அது. மொத்தம் 42 இடங்கள். கையளவு உறுப்பினர்களோடு எதிர்க்கட்சி வரிசையில் இருந்த கன்சர்வேட்டிவ் கட்சி 21 இடங்களைப் பிடித்தது. தொழிற்கட்சிக்கு 18. மீதி மூன்றும் லிபரல் டெமாக்ரட் கட்சிக்கு. பெரும்பான்மைக்கு ஒரே ஓர் இடம் குறைந்த நிலையில், லிபரல் டெமாக்ரட் உறுப்பினர்களின் ஆதரவோடு கன்சர்வேட்டிவ் கட்சி மன்றத்தின் தலைமையை ஏற்றது.

நாடே ஒரு கட்சியைத் துரத்தும்போது, இந்த ஊர் மக்கள் மட்டும் அதே கட்சியை ஏன் அழைத்துக் கொண்டார்கள்? இந்தக் கேள்விக்கான பதில் எங்கோ இருக்கும் ஓர் ஊரோடு முடிந்துவிடுவதில்லை. மதிப்பீட்டு வரி கட்டும், குப்பை லோரிக்குக் காத்திருக்கும், அடைத்துக்கொண்ட கால்வாயைப் பற்றிப் புகார் கொடுக்கும் நமக்கும் அதில் பங்கு உண்டு.

எப்படிப்பட்ட ஊர் இது?

லண்டனுக்கு மேற்கே, ஹீத்ரோ விமான நிலையத்துக்கும் விண்ட்சருக்கும் பக்கத்தில் இருக்கிறது ஸ்லாவ். பிரிட்டிஷ் மன்னர் குடும்பத்தின் விண்ட்சர் கோட்டைக்கு அருகில் இருந்தாலும் இது உழைப்பாளிகளின் ஊர். 1920களில் இருந்து இயங்கும் பெரிய தொழிற்பேட்டை இங்கே உண்டு. மார்ஸ் சாக்லேட் நிறுவனம் 1932இல் இங்குதான் தன் தொழிற்சாலையைத் தொடங்கியது. அந்தத் தொழிற்சாலைகளை நம்பி வேல்சிலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும், பிறகு கரிபியன் தீவுகள், பஞ்சாப், பாகிஸ்தான் ஆகிய இடங்களிலிருந்தும் மக்கள் வந்து குடியேறினர்.

2021 மக்கள் கணக்கெடுப்பின்படி இங்கே சுமார் 1 லட்சத்து 58 ஆயிரம் பேர் வாழ்கிறார்கள். அவர்களில் ஏறக்குறைய 47 விழுக்காட்டினர் ஆசிய வம்சாவளியினர். சீக்கியர், முஸ்லிம்கள், இந்துக்கள், கிறிஸ்தவர் எல்லாரும் கலந்து வாழும் நகரம். 2017 முதல் இத்தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருப்பவர் தொழிற்கட்சியின் தன்மன்ஜீத் சிங் டேசி. தலைப்பாகை அணிந்த சீக்கியர் ஒருவர் பிரிட்டிஷ் மக்களவைக்குச் சென்றது அவர் மூலம்தான் தொடங்கியது.

இந்த ஊரின் மன்றம் நம்முடைய நகராண்மைக் கழகத்தைவிடப் பெரிய பொறுப்புகளைச் சுமக்கிறது. குப்பை, சாலை, நூலகம் மட்டுமல்லாமல் முதியோர் பராமரிப்பு, பாதுகாப்பற்ற சூழலில் வாழும் பிள்ளைகளைக் காப்பது, வீடற்றவர்களுக்கு இடம் தருவது ஆகியவையும் அதன் வேலைதான். ஆகவே மன்றத்தின் கையில் காசு இல்லாமல் போனால் முதலில் அடிபடுவது முதியவர்களும் பிள்ளைகளும்தான்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

2021ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஸ்லாவ் மன்றத்தின் தலைமை நிதி அதிகாரி ஓர் அறிவிக்கையை வெளியிட்டார். 1988ஆம் ஆண்டின் ஊராட்சி நிதிச் சட்டத்தில் 114ஆவது பிரிவின் கீழ் வரும் அறிவிக்கை அது. 'மன்றத்தின் செலவுக்கு ஈடாக வருமானம் இல்லை, புதிய செலவுகளை நிறுத்துங்கள்' என்பது அதன் சாரம். இங்கிலாந்தில் ஒரு மன்றம் தனியார் நிறுவனம்போலச் சட்டப்படி திவாலாக முடியாது. ஆனால் இந்த 114 அறிவிக்கை வந்துவிட்டால் மக்கள் அதைத் திவால் என்றுதான் சொல்கிறார்கள். சட்டப்படி கட்டாயம் செய்ய வேண்டிய சேவைகளைத் தவிர மற்ற புதிய செலவுகள் அனைத்தும் நின்றுபோகும்.

அப்போது அந்த மன்றத்தின் கடன் சுமார் 760 மில்லியன் பவுண்டு. நம் பணத்தில் நான்கு பில்லியன் ரிங்கிட்டுக்கும் அதிகம். குழந்தை முதல் முதியவர் வரை ஊரில் உள்ள ஒவ்வொருவர் தலையிலும் ஏறத்தாழ 4,800 பவுண்டு கடன்.

இந்தக் கடன் எப்படி வந்தது? மன்றம் சொத்துகளிலும் வீடமைப்பிலும் மேம்பாட்டுத் திட்டங்களிலும் பெருமளவு கடன் வாங்கிப் பணம் போட்டது. கடன் வாங்குவது தவறில்லை. ஆனால் கடன் வாங்கும் மன்றம் ஒவ்வோர் ஆண்டும் அதை அடைக்க ஒரு தொகையை ஒதுக்கி வைக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. ஸ்லாவ் மன்றம் ஆண்டுக்கணக்கில் அந்தத் தொகையைப் போதிய அளவு ஒதுக்கவில்லை. அவசரத்துக்கு வைத்திருக்க வேண்டிய சேமிப்பும் கரைந்திருந்தது. ஆண்டுக் கணக்குகளின் தணிக்கை தாமதமாகிக்கொண்டே போனதால், ஓட்டை எவ்வளவு பெரியது என்பது வெளியே தெரியவில்லை. வீட்டுக் கடனுக்கு மாதத் தவணை கட்டாமல், அந்தப் பணத்தில் குடும்பச் செலவை நடத்தி, 'நம் வரவு செலவு சரியாகத்தான் இருக்கிறது' என்று சொல்லிக்கொள்ளும் குடும்பத்தின் கதைதான் இது.

பழி முழுவதும் உள்ளூர்த் தலைவர்கள் மீது மட்டும் விழ வேண்டியதில்லை. 2010க்குப் பிறகு மத்திய அரசு மன்றங்களுக்குத் தந்துவந்த நிதியைக் கடுமையாக வெட்டியது. 2010-11க்கும் 2017-18க்கும் இடையில் அந்த நிதி உண்மை மதிப்பில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாக அந்நாட்டின் தேசியத் தணிக்கை அலுவலகம் கணக்கிட்டது. மன்றங்களைத் தணிக்கை செய்துவந்த பொதுத் தணிக்கை ஆணையமும் 2015இல் மூடப்பட்டது. நிதி குறைந்தது, மேற்பார்வை தளர்ந்தது, அரசின் கடன் வாரியத்தில் குறைந்த வட்டிக்குக் கடன் கிடைத்தது. இந்த மூன்றும் சேர்ந்து பல மன்றங்களைச் சூதாட்டம்போன்ற முதலீடுகளில் இறக்கின. ஆனால் எல்லா மன்றங்களும் இப்படி விழவில்லை. அதனால்தான் விழுந்த மன்றங்களில் மக்கள் உள்ளூரில் இருந்தவர்களைக் கேள்வி கேட்டார்கள்.

வரி ரசீதும் வாக்குச் சீட்டும்

2021 டிசம்பரில் மத்திய அரசு ஸ்லாவுக்கு ஆணையர்களை அனுப்பியது. நிதி, நிர்வாகம் தொடர்பான முக்கிய முடிவுகள் அவர்களின் மேற்பார்வைக்குள் வந்தன. மன்றத்தின் நிலங்களையும் கட்டடங்களையும் விற்றுக் கடனைக் குறைப்பது என்று முடிவானது. பல தலைமுறைகள் சேர்த்த ஊர்ச் சொத்து விற்பனைக்கு வந்தது.

அடுத்து வந்தது வரி. அங்கே வீடு ஒவ்வொன்றுக்கும் கவுன்சில் வரி உண்டு. நம் மதிப்பீட்டு வரிக்கு அண்ணன் முறை என்று வைத்துக்கொள்ளலாம், தொகை மட்டும் பல மடங்கு அதிகம். ஸ்லாவ் போன்ற மன்றம் இந்த வரியை ஆண்டுக்கு ஏறக்குறைய 5 விழுக்காட்டுக்குமேல் உயர்த்த நினைத்தால், ஊர் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். 2023இல் ஸ்லாவுக்கு மத்திய அரசு அந்த விதியைத் தளர்த்தியது. வாக்கெடுப்பு இல்லாமலே வரி 9.99 விழுக்காடு உயர்ந்தது. ஆண்டுக்கு 1,500 பவுண்டு கட்டிய குடும்பம் இனி ஏறக்குறைய 1,650 பவுண்டு கட்ட வேண்டும். சேவையோ கூடவில்லை. தாங்கள் கேட்காத கடனுக்குத் தாங்கள் கட்டும் வட்டிதான் அந்தக் கூடுதல் தொகை என்று மக்கள் உணர்ந்தார்கள்.

புதிய வரி ஏப்ரல் மாதம் நடப்புக்கு வந்தது. மே மாதம் தேர்தல் வந்தது. வரி ரசீது மேசைமேல் இருக்கும்போதே வாக்குச் சீட்டும் கையில் கிடைத்தது.

அந்தத் தேர்தலுக்கு இன்னொரு தனித்தன்மையும் இருந்தது. முன்பெல்லாம் ஸ்லாவில் ஒவ்வொரு தேர்தலிலும் மூன்றில் ஒரு பங்கு இடங்களுக்கு மட்டுமே போட்டி நடக்கும். அந்த முறையில் மக்கள் எவ்வளவு கோபமாக இருந்தாலும் ஆட்சி ஒரே நாளில் கவிழ்வது கடினம். 2023இல் தொகுதி எல்லைகள் மாற்றப்பட்டு, 21 வட்டாரங்களில் தலா இருவர் என 42 இடங்களுக்கும் ஒரே நேரத்தில் தேர்தல் நடந்தது. இரண்டு ஆண்டுகளாகத் தேங்கியிருந்த அதிருப்தி ஒரே நாளில் வெளிப்பட அது வழிவிட்டது.

இன வாக்கா, வரி வாக்கா?

முடிவு வெளியானதும் எழக்கூடிய கேள்வி ஒன்று உண்டு. இந்திய வம்சாவளிப் பிரதமர் ஒருவர் இருந்த நேரம் அது. ஆசியர்கள் நிறைந்த ஊரில் அவருடைய கட்சி வென்றது அந்தப் பாசத்தினால்தானா? நம் நாட்டில் தேர்தல் முடிவை இனக் கணக்கில் பார்த்துப் பழகிய நமக்கு இந்தச் சந்தேகம் உடனே வரும்.

சமூக வாக்குகளுக்கு இங்கிலாந்தில் இடமே இல்லை என்று சொல்ல முடியாது. அதே நாளில் லெஸ்டர் மாநகரிலும் கன்சர்வேட்டிவ் கட்சி 17 இடங்களை வென்று வியப்பூட்டியது. அங்கே தொழிற்கட்சி தன் உறுப்பினர்கள் பத்தொன்பது பேருக்கு மறுபடி போட்டியிட வாய்ப்புத் தரவில்லை. அதனால் உள்ளுக்குள் புகைச்சல், சமூக அதிருப்தி என்று பல காரணங்கள் சேர்ந்துகொண்டன. ஆனாலும் அங்கே மன்றம் 31 இடங்களோடு தொழிற்கட்சியின் கையிலேயே இருந்தது.

ஸ்லாவின் கதையைப் புரிந்துகொள்ள லெஸ்டரைவிட, ஸ்லாவைப்போலவே கடனில் விழுந்த மற்ற ஊர்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே சரியான வழி.

முதலாவது, தமிழர் பலர் வாழும் தென் லண்டனின் குரோய்டன். தொழிற்கட்சி ஆண்ட அந்த மன்றம் 2020 நவம்பரில் 114 அறிவிக்கை வெளியிட்டது. மக்கள் முதலில் ஆட்சி முறையையே மாற்றினார்கள். 2021 அக்டோபரில் நடந்த வாக்கெடுப்பில் சுமார் 80 விழுக்காட்டினர், மேயரை நாங்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றார்கள். 2022 மே மாதத்தில் லண்டன் முழுவதும் தொழிற்கட்சிக்குச் சாதகமாக இருந்த நேரத்தில், குரோய்டனில் கன்சர்வேட்டிவ் கட்சியின் ஜேசன் பெரி 589 வாக்கு வித்தியாசத்தில் மேயரானார்.

இரண்டாவது, தேம்ஸ் ஆற்றங்கரையில் உள்ள தர்ரொக். இங்கே ஆண்டது கன்சர்வேட்டிவ் கட்சி. கடன் வாங்கிச் சூரிய மின் திட்டங்களில் பெரும் தொகையை முதலீடு செய்து நட்டப்பட்ட அந்த மன்றம் 2022 டிசம்பரில் 114 அறிவிக்கை வெளியிட்டது. 2023இல் அங்கு மூன்றில் ஒரு பங்கு இடங்களுக்கே தேர்தல் நடந்ததால் ஆட்சி உடனே மாறவில்லை. 2024 மே மாதம் மாறியது. 49 இடங்களில் 27ஐத் தொழிற்கட்சி தன்வசமாக்கியது.

மூன்றாவது, சர்ரே மாவட்டத்தில் வசதி படைத்தோர் வாழும் வோக்கிங். ஹோட்டலும் வானுயர்ந்த அடுக்குமாடிகளும் கட்டக் கடன் வாங்கிய மன்றம் அது. அந்தக் கடனை வாங்கிய கன்சர்வேட்டிவ் கட்சி 2022இல் ஆட்சியை லிபரல் டெமாக்ரட் கட்சியிடம் இழந்தது. 2023 ஜூனில் 114 அறிவிக்கை வந்தது. 2024 மே தேர்தலுக்குப் பிறகு அம்மன்றத்தில் கன்சர்வேட்டிவ் உறுப்பினர் ஒருவர்கூட இல்லை.

நான்கு ஊர்களையும் சேர்த்துப் பாருங்கள். ஆசியர் அதிகம் வாழும் ஊர், கலப்பு நகர்ப்புறம், வெள்ளையர் பெரும்பான்மையான தொழிலாளர் ஊர், வசதியானவர்களின் ஊர் என எல்லா வகையும் இதில் உண்டு. இரண்டில் தொழிற்கட்சி தண்டிக்கப்பட்டது, இரண்டில் கன்சர்வேட்டிவ் கட்சி தண்டிக்கப்பட்டது. இனமும் கட்சிச் சின்னமும் ஊருக்கு ஊர் வேறு. கணக்கு தவறியவர்கள் பதவி இழந்தார்கள் என்பது மட்டும் நான்கிலும் பொது.

இதற்கு விதிவிலக்கும் உண்டு. நார்த்தாம்ப்டன்ஷயர் மன்றம் கன்சர்வேட்டிவ் ஆட்சியில் 2018 பிப்ரவரியில் இதே நிலைக்கு வந்தது. ஆனால் மத்திய அரசு அந்த மன்றத்தையே கலைத்து, அதன் இடத்தில் இரண்டு புதிய மன்றங்களை அமைத்தது. 2021இல் அந்த இரண்டையும் கன்சர்வேட்டிவ் கட்சியே வென்றது. பழைய மன்றத்தின் பெயரே இல்லாமல் போனபிறகு, மூன்று ஆண்டு கழித்து வரும் தேர்தலில் யாரிடம் கணக்குக் கேட்பது? பொறுப்பானவர் யார் என்பது தெளிவாகத் தெரியும் வரைதான் வாக்குக்கு வலிமை என்பதை இந்த விதிவிலக்கு காட்டுகிறது.

ஊருக்கு ஒரு வாக்கு, நாட்டுக்கு ஒரு வாக்கு

2024 ஜூலை 4ஆம் தேதி பிரிட்டனில் பொதுத்தேர்தல் நடந்தது. பதினான்கு மாதங்களுக்கு முன்பு தொழிற்கட்சியை மன்றத்திலிருந்து இறக்கிய அதே ஸ்லாவ், நாடாளுமன்றத்துக்குத் தொழிற்கட்சியின் டேசியையே மீண்டும் அனுப்பியது. குரோய்டன் மேற்கும் கிழக்கும் அப்படியே. மேயர் ஒரு கட்சி, நாடாளுமன்ற உறுப்பினர் வேறு கட்சி.

இதை மக்களின் குழப்பம் என்று சொல்லக்கூடாது. ஊர்க் கணக்குக்கு ஒரு தீர்ப்பு, நாட்டுக் கணக்குக்கு வேறொரு தீர்ப்பு என்று பிரித்துப் பார்க்கும் தெளிவு அது. அப்படிப் பிரித்துப் பார்க்க அவர்களிடம் இரண்டு தனித்தனி வாக்குச் சீட்டுகள் இருக்கின்றன.

வாக்கினால் முடியாததும் உண்டு

இங்கிலாந்தைப் பார்த்து வாயைப் பிளக்கவும் தேவையில்லை. ஆட்சி மாறியதும் ஸ்லாவின் கடன் மறைந்துவிடவில்லை. ஆணையர்கள் திரும்பிப் போகவில்லை. 2024-25ஆம் ஆண்டுக்கு வரி மேலும் 8.5 விழுக்காடு உயர்ந்தது. அதை உயர்த்தியது மக்கள் புதிதாகக் கொண்டுவந்த தலைமைதான். பழைய கடனை அடைக்கும் சுமை யார் வந்தாலும் அதேதான்.

வாக்களிக்கும் ஆர்வமும் அங்கே பெரிதாக இல்லை. மன்றத் தேர்தல்களில் பொதுவாக மூன்றில் ஒரு பங்கினர்தான் வாக்களிக்கிறார்கள். வீட்டு வாசலில் குப்பை நிற்கும்போது புலம்பும் பலர் தேர்தல் நாளில் வீட்டில் இருந்துவிடுகிறார்கள். இந்த அலட்சியமும் மோசமான மன்றங்கள் நீண்டகாலம் ஆள ஒரு காரணம்தான். வாக்குரிமை இருந்தும் ஸ்லாவில் கடன் இவ்வளவு வளர்ந்தது என்பதை மறக்கக்கூடாது. கணக்குகள் தணிக்கையாகி வெளியே வராமல் இருந்தால், வாக்காளர் இருட்டில்தான் சீட்டைப் போடுகிறார்.

அப்படியானால் வாக்கினால் கிடைத்தது என்ன? தவறு செய்தவர்கள் அதே நாற்காலியில் தொடர முடியவில்லை. அடுத்து வந்தவர்களுக்கும், கணக்கில் விளையாடினால் நமக்கும் இதே கதிதான் என்ற பயம் இருக்கிறது. கேட்பதற்குச் சிறியதாகத் தோன்றலாம். அது இல்லாத இடத்தில் வாழ்பவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

நம் வீட்டு வாசலில்

மலேசியர்களாகிய நம்மைப் பற்றிய ஓர் உண்மை இங்கே வியப்பூட்டும். இங்கிலாந்தில் முறையான அனுமதியோடு தங்கியிருக்கும் காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள், வாக்காளர் பட்டியலில் பதிந்துகொண்டு அங்கே மன்றத் தேர்தலில் வாக்களிக்க அந்நாட்டுச் சட்டம் இடம் தருகிறது. மலேசியர்களும் அதில் அடக்கம். வாக்குச் சாவடியில் அடையாளம் காட்டுவது 2023 மே தேர்தலில் கட்டாயமானபோது, ஏற்கத்தக்க ஆவணங்களில் காமன்வெல்த் நாடுகளின் கடப்பிதழும் சேர்க்கப்பட்டது.

இதைப் படித்துவிட்டு அங்குள்ள பிள்ளைகள் யாரும் அவசரப்பட வேண்டாம். வெளிநாட்டுத் தேர்தலில் வாக்களிப்பதைக் குடியுரிமையைப் பறிக்கக் காரணமாகக் கொள்ள நமது கூட்டரசு அரசியலமைப்பின் 24ஆவது பிரிவு இடம் தருகிறது. அந்த ஆபத்து ஒருபுறம் இருக்கட்டும். கிள்ளானில் பிறந்து ஸ்லாவில் வேலை செய்யும் ஒருவரிடம் அந்த ஊர், எங்கள் மன்றத்தில் யார் உட்கார வேண்டும் என்று கேட்கத் தயாராக இருக்கிறது. அவர் பிறந்த ஊரோ அந்தக் கேள்வியை அவரிடம் கேட்பதே இல்லை.

ஒரு காலத்தில் நம்மிடமும் கேட்டார்கள். 1951 டிசம்பரில் ஜார்ஜ்டவுனில் நகராண்மைத் தேர்தல் நடந்தது. அடுத்த ஆண்டு கோலாலம்பூரில் நடந்தது. 1957இல் மாநகரமான ஜார்ஜ்டவுனின் மேயராக இருந்தவர்களில் ஒருவர் தொழிலாளர் கட்சியின் டி. எஸ். இராமநாதன். ஈப்போவில் சீனிவாசகம் சகோதரர்களின் மக்கள் முற்போக்குக் கட்சி நகராட்சியைப் பிடித்து ஆண்டது. தமிழர் எண்ணிக்கையில் சிறுபான்மையாக இருந்த நகரங்களில்தான் இவையெல்லாம் நடந்தன.

1965 மார்ச்சில், இந்தோனேசியாவுடனான மோதல் காலத்தைக் காரணம் காட்டி இந்தத் தேர்தல்கள் தற்காலிகமாக நிறுத்தப்பட்டன. மன்றங்களின் நிர்வாகத்தில் முறைகேடுகள் என்ற குற்றச்சாட்டுகளும் எழுந்தன. ஜார்ஜ்டவுன் மாநகர் மன்றத்தின் பொறுப்பை 1966இல் மாநில அரசே எடுத்துக்கொண்டது. ஊராட்சி மன்றங்களை ஆராய அரச விசாரணை ஆணையம் ஒன்று அமைந்தது. அதன் தலைவர் நம்மவரான செனட்டர் ஆதி நாகப்பன். 1968இல் அந்த ஆணையம் தன் அறிக்கையை முடித்தது, 1971இல் அது வெளியிடப்பட்டது. மன்றங்களுக்குத் தேர்தல் மீண்டும் வர வேண்டும் என்பது ஆதி நாகப்பன் ஆணையத்தின் பரிந்துரை. அரசு அதை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டம் தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. 2012இல் பினாங்கு மாநிலம் தனியே சட்டம் இயற்றிப் பார்த்தது. அதற்கு மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை என்று 2014இல் கூட்டரசு நீதிமன்றத்தில் அந்த முயற்சியும் நின்றது.

இப்போது ஸ்லாவையும் ஜார்ஜ்டவுனையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு இடத்திலும் மன்ற நிர்வாகத்தின் மீது கேள்வி எழுந்தது. இரண்டு இடத்திலும் மேலே இருந்த அரசு தலையிட்டது. ஸ்லாவில் ஆணையர்களை அனுப்பிய அரசு, தேர்தலை மட்டும் நிறுத்தவில்லை. நிர்வாகத்தைச் சீர்செய்ய அதிகாரிகள், தவறு செய்தவர்களை இறக்க மக்கள் என்று இரு வேலையும் இரு தரப்பிடம் இருந்தன. நம் நாட்டில் மன்றங்கள் கெட்டுப்போகின்றன என்று சொல்லி மக்களின் வாக்கை எடுத்துவிட்டார்கள். மன்றங்கள் அதனால் திருந்திவிட்டனவா என்பதை அவரவர் தாமானில் காலையில் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்து சொல்லலாம்.

தேர்தல் வந்தால் நகரங்களில் ஓர் இனத்தின் ஆதிக்கம் வந்துவிடும் என்ற அச்சம் இன்றும் பேசப்படுகிறது. அந்த அச்சத்தை எள்ளி நகையாடக்கூடாது. அது பலருக்கு உண்மையான கவலை. ஆனால் பல இனங்கள் வாழும் ஸ்லாவும் குரோய்டனும், வெள்ளையர் அதிகமுள்ள தர்ரொக்கும் வோக்கிங்கும் தந்த தீர்ப்பு ஒரேமாதிரி இருந்ததை அந்த விவாதத்தில் ஒரு சான்றாக வைக்கலாம். வரி ரசீதுக்கு இனம் இல்லை.

இன்று நம் மன்றங்களில் உட்காரும் உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. சட்டப்படி ஒரு மன்றத்தில் எட்டு முதல் இருபத்து நான்கு பேர் வரை இருக்கலாம். கட்சிகள் பங்கிட்டுக்கொள்ளும் இடங்கள் அவை. அதில் நல்லவர்கள் இல்லாமல் இல்லை. இரவு பத்து மணிக்கு அழைத்தாலும் தொலைபேசியை எடுத்து ஓடி வரும் உறுப்பினர்கள் உண்டு. ஆனால் ஓடி வராதவரை நாம் ஒன்றும் செய்ய முடியாது. அங்காடிக் கடைக்கு உரிமம், கோயில் திருவிழாவுக்குச் சாலை அனுமதி, சிறுவர் விளையாட்டுத் திடல், வெள்ளம் வரும் கால்வாய் ஆகிய எல்லாம் அந்த மன்றத்தின் கையில்தான் இருக்கின்றன. தோட்டத்தைவிட்டு நகரத்தின் ஓரத்து அடுக்குமாடிகளுக்கு வந்த நம் குடும்பங்கள், நாடாளுமன்ற உறுப்பினரைவிட இந்த மன்றத்தைத்தான் அன்றாடம் நம்பி வாழ்கின்றன.

தேர்தல் வரும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. அதே 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி, மன்றம் வேறுவிதமாகத் தீர்மானித்தால் ஒழிய, அதன் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்தே இருக்க வேண்டும். வீட்டின் மதிப்பீடு மாற்றப்படும்போது எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கும் உரிமையும் வரி கட்டுவோருக்கு உண்டு. உங்கள் வட்டாரத்துக்கு நியமிக்கப்பட்ட உறுப்பினர் யார், இந்த ஆண்டு உங்கள் பகுதிக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு, அதில் செலவானது எவ்வளவு என்ற மூன்று கேள்விகளை ஒரு குடியிருப்பாளர் சங்கம் கடிதமாக எழுதிக் கேட்கலாம். கோயில் நிர்வாகக் குழு கேட்கலாம். பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம் கேட்கலாம்.

ஸ்லாவ் மக்கள் அந்தக் கேள்விகளைச் சற்றுத் தாமதமாகத்தான் கேட்டார்கள். அதற்குள் தலைக்கு 4,800 பவுண்டு கடன் ஏறிவிட்டது. ஆனாலும் கேட்ட அன்று பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் அவர்களின் மன்றத்துக்கு இருந்தது. அந்தக் கட்டாயத்தை நம் மன்றங்களுக்கும் ஏற்படுத்தச் சொல்லி ஆதி நாகப்பன் ஆணையம் எழுதிய அறிக்கை அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் காத்திருக்கிறது.